ஆறு புள்ளி பெற்ற வியட்நாம் வெளியே, மூன்று புள்ளி பெற்ற தாய்லாந்து உள்ளே: ஆசிய விளையாட்டு மகளிர் கால்பந்தில் ஒரு சந்தேகம்

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் மகளிர் கால்பந்து முடிவுகளை, இப்போது மீண்டும் ஒரு முறை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2026 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் நடைபெறும் மகளிர் ஆசியக் கோப்பையில் ஜப்பான், வியட்நாம், சீன தைபே (விளையாட்டில் தைவானின் பெயர்) ஆகிய மூன்று அணிகளோடு இந்தியா ஒரே பிரிவில் வைக்கப்பட்டிருப்பதால், இந்த மூன்று அணிகளும் ஹாங்சோவில் எப்படி ஆடின என்று தெரிந்துகொள்ளத்தான் தேடத் தொடங்கினேன். தேடிய இடத்தில் ஒரு முடிச்சில் சிக்கிக்கொண்டேன்.

வியட்நாம் தன் பிரிவில் நேபாளத்தை 2-0 என்றும் வங்கதேசத்தை 6-1 என்றும் வென்றது. ஜப்பானிடம் 0-7 என்று தோற்றது. ஆக மூன்று ஆட்டங்களில் ஆறு புள்ளிகள், பிரிவில் இரண்டாம் இடம். இந்தியா இருந்த பிரிவில் தாய்லாந்து இந்தியாவை 1-0 என்று வென்று, சீன தைபேயிடம் 0-1 என்று தோற்று, மூன்று புள்ளிகளோடு இரண்டாம் இடம் பெற்றது. உஸ்பெகிஸ்தானுக்கும் மூன்றே புள்ளிகள். ஆனால் காலிறுதிக்குச் சென்றவை தாய்லாந்தும் உஸ்பெகிஸ்தானும். வியட்நாம் ஊர் திரும்பியது. இரண்டு வெற்றி பெற்ற அணியை விட்டுவிட்டு ஒரு வெற்றி பெற்ற அணியை எடுத்துக்கொள்வது எந்தக் கணக்கில் சரியாகும்? எனக்குக் கால்பந்து பார்க்கத் தெரியுமே தவிர, போட்டி விதிகளைப் படித்துப் பழக்கமில்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இந்தியா சீன தைபேயிடம் 1-2, தாய்லாந்திடம் 0-1 என்று இரண்டு ஆட்டங்களிலும் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில்தான் தோற்றது. மூன்று அணிகள் மட்டுமே இருந்த பிரிவில் விழுந்தது நமக்கு நல்லதாக அமைந்ததா, கெடுதலாக அமைந்ததா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

வணக்கம். நீங்கள் எழுதியிருக்கும் முடிவுகள் சரிதான்; குழப்பமும் நியாயமானதுதான். விடை சுருக்கமானது: வியட்நாம் வங்கதேசத்தை 6-1 என்று வென்ற ஆட்டம், இரண்டாம் இடம் பெற்ற அணிகளை ஒப்பிடும் கணக்கில் சேரவேயில்லை. ஏன் சேரவில்லை என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஹாங்சோவுக்கு முதலில் 17 மகளிர் அணிகள் பெயர் கொடுத்திருந்தன. 17 என்பது எப்படிப் பிரித்தாலும் சமமாகப் பிரியாத எண் என்பதால், மூன்று பிரிவுகளில் மூன்று மூன்று அணிகளும், மீதி இரண்டு பிரிவுகளில் நான்கு நான்கு அணிகளும் என ஐந்து பிரிவுகளாக வைத்தார்கள். ஐந்து பிரிவுகளின் முதலிடம் பெற்ற அணிகள் நேரடியாகக் காலிறுதிக்குச் செல்லும். எட்டுக்கு இன்னும் மூன்று இடம் மிச்சம் இருப்பதால், இரண்டாம் இடம் பெற்ற ஐந்து அணிகளில் சிறந்த மூன்று உள்ளே வரும். சிக்கல் இந்த மூன்றைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது. மூன்று அணிப் பிரிவில் ஒரு அணிக்கு இரண்டு ஆட்டம், நான்கு அணிப் பிரிவில் மூன்று ஆட்டம். மொத்தப் புள்ளிகளை அப்படியே ஒப்பிட்டால் மூன்று ஆட்டம் ஆடியவருக்குக் கூடுதல் வாய்ப்புக் கிடைத்துவிடும் அல்லவா? அதனால் நான்கு அணிப் பிரிவுகளில் கடைசி இடம் பெற்ற அணியோடு ஆடிய ஆட்டத்தை நீக்கிவிட்டு, எல்லாரையும் இரண்டிரண்டு ஆட்டக் கணக்குக்குக் கொண்டுவருகிறார்கள். ஹாங்சோவுக்கென்று புதிதாகக் கண்டுபிடித்த விதி அன்று இது. பிரிவுகள் சமமாக அமையாத போட்டிகளில் பல ஆண்டுகளாக இருந்துவருவதுதான்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். வியட்நாமின் பிரிவில் நேபாளமும் வங்கதேசமும் தமக்குள் 1-1 என்று சமன் செய்து ஒரே ஒரு புள்ளியோடு நின்றன. நேபாளம் மொத்தம் 10 கோல் பின்தங்கியிருந்தது. வங்கதேசம் 13 கோல் பின்தங்கியிருந்தது. ஆகவே கடைசி இடம் வங்கதேசத்துக்கு. வங்கதேசத்தோடு ஆடிய ஆட்டத்தை நீக்கினால் வியட்நாமிடம் மீதியிருப்பவை நேபாளத்தை வென்ற 2-0, ஜப்பானிடம் தோற்ற 0-7 ஆகிய இரண்டு மட்டுமே. புள்ளிகள் மூன்று, கோல் வித்தியாசம் (போட்ட கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்தால் வருவது) மைனஸ் 5.

மற்ற மூன்று அணிகளைப் பாருங்கள். தாய்லாந்து: ஒரு கோல் போட்டு ஒரு கோல் வாங்கியிருக்கிறது, மூன்று புள்ளி, வித்தியாசம் 0. உஸ்பெகிஸ்தான்: மங்கோலியாவை 6-0 என்று வென்று சீனாவிடம் 0-6 என்று தோற்றது, மூன்று புள்ளி, வித்தியாசம் 0. பிலிப்பைன்ஸ் நான்கு அணிப் பிரிவில் இருந்தது; ஹாங்காங்கை 3-1, மியான்மரை 3-0 என்று வென்று தென் கொரியாவிடம் 1-5 என்று தோற்றது. கடைசி இடம் பெற்ற ஹாங்காங்கோடு ஆடிய ஆட்டத்தை நீக்கினால் மூன்று புள்ளி, மைனஸ் 1. அதாவது பிலிப்பைன்ஸும் வியட்நாமைப் போலவே ஆறு புள்ளி எடுத்து, அதில் மூன்றை இழந்த அணிதான். மியான்மரை மூன்று கோல் வித்தியாசத்தில் வென்றதும், தென் கொரியாவிடம் தோற்றது நான்கு கோல் வித்தியாசத்தோடு நின்றதும் சேர்ந்தே அவர்களைக் காப்பாற்றின.

இதில் எனக்கும் உறுத்துகிற ஓர் இடம் உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. மங்கோலியா அந்தப் போட்டியில் சீனாவிடம் 0-16 என்று தோற்ற அணி. ஆனால் அது மூன்று அணிப் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது, நான்காம் இடம் அன்று. எனவே உஸ்பெகிஸ்தான் மங்கோலியாவுக்கு எதிராகப் போட்ட ஆறு கோல்களும் கணக்கில் நின்றன. வியட்நாம் வங்கதேசத்துக்கு எதிராகப் போட்ட ஆறு கோல்கள் காற்றில் போயின. ஆட்டங்களின் எண்ணிக்கையை விதி சமன் செய்கிறது. எதிரணியின் பலத்தை அது சமன் செய்வதில்லை.

கேட்டவர்

மிகத் தெளிவாக விளங்கிற்று, நன்றி. ஆனால் ஒன்று. கம்போடியா விலகிவிட்டது என்றும், அந்தப் பிரிவில் வட கொரியாவும் சிங்கப்பூரும் மட்டுமே மிஞ்சி, தமக்குள் இரண்டு முறை ஆடின என்றும் படித்தேன். அப்படியானால் மீதியிருந்தவை 16 அணிகள். நான்கு பிரிவு, பிரிவுக்கு நான்கு அணி, முதல் இரண்டு இடம் பெற்றவை காலிறுதிக்கு என்று வைத்திருந்தால் இந்த நீக்கல் கணக்கே தேவைப்பட்டிருக்காதே? இரண்டாவது கேள்விக்கும் யாராவது பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

மறுமொழி 2

நான் பள்ளி மாணவியருக்குப் பல ஆண்டுகளாகக் கால்பந்துப் பயிற்சி அளித்து வருகிறேன். அதற்கு முன்பு நானும் பின்கள வீராங்கனையாக ஆடியிருக்கிறேன். விதிப் புத்தகம் பற்றி மேலே எழுதிய நண்பர் நன்றாகவே சொல்லிவிட்டார். மூன்று அணிப் பிரிவு என்பது மைதானத்தில் எப்படி இருக்கும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

நான்கு அணிப் பிரிவில் முதல் ஆட்டத்தில் தோற்றாலும், அடுத்த இரண்டையும் வென்றால் ஆறு புள்ளி கிடைக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லித் தேற்ற முடியும். மூன்று அணிப் பிரிவில் முதல் ஆட்டம் என்பது பாதிப் போட்டி. அதில் தோற்றுவிட்டால், இரண்டாவது ஆட்டத்தில் இறங்கும்போதே பயிற்சியாளரின் கையில் இருக்கும் திட்டம் மாறிவிடும். வென்றே ஆக வேண்டும் என்று ஆட வேண்டியிருக்கும், அப்படி ஆடும்போது பின்னால் இடைவெளி விழும். இந்தியா முதல் ஆட்டத்தை செப்டம்பர் 21 அன்று வென்சோ நகரில் ஆடியது. தொடக்க விழா நடந்ததே செப்டம்பர் 23 அன்றுதான் என்பதை நினைவில் வையுங்கள். விளையாட்டுப் போட்டிகளுக்கு முறைப்படி விளக்கேற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே நம்முடைய பாதிக் கதை முடிந்திருந்தது. 24ஆம் தேதி தாய்லாந்தோடு ஆடியதோடு நம் ஆட்டங்கள் தீர்ந்துவிட்டன. அதன் பிறகு சீன தைபேயும் தாய்லாந்தும் தமக்குள் ஆடின. கடைசியாக ஆடும் இரண்டு அணிகளுக்கும், எத்தனை கோல் வரை வாங்கலாம், எப்போது வேகத்தைக் குறைக்கலாம் என்பதெல்லாம் தெரிந்திருக்கும். முதலில் ஆடி முடித்த அணிக்கு அந்த வசதி இல்லை. நான்கு அணிப் பிரிவில் கடைசிச் சுற்றின் இரண்டு ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைத்து இதைத் தவிர்க்கிறார்கள். மூன்று அணிகளை வைத்துக்கொண்டு அதைச் செய்ய வழியில்லை.

சீன தைபேயோடு நடந்த அந்த ஆட்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பார்வையில் நம்முடைய போட்டி முழுவதும் அதில்தான் இருக்கிறது. இடைவேளை முடிந்த இரண்டாவது நிமிடத்தில், அதாவது 47ஆவது நிமிடத்தில், அஞ்சு தமாங் கோல் போட்டு இந்தியாவை முன்னிலைக்குக் கொண்டுசென்றார். 69ஆவது நிமிடத்தில் சீன தைபே சமன் செய்தது; 84ஆவது நிமிடத்தில் இரண்டாவது கோலைப் போட்டு வென்றது. இருபத்திரண்டு நிமிடம் முன்னிலையில் இருந்திருக்கிறோம். முன்னிலையில் இருந்துகொண்டு கடைசி அரை மணி நேரத்தை ஓட்டுவது எவ்வளவு கடினம் என்பது, தன்னைவிட ஒரு படி மேலே இருக்கும் அணியோடு ஆடிப் பார்த்தவர்களுக்கே தெரியும்.

என் பிள்ளைகளிடம் ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். அறுபத்தைந்தாவது நிமிடத்துக்குப் பிறகு யாருமே பந்தைக் காலில் வைத்திருக்க விரும்புவதில்லை. பின்களத்தில் இருப்பவள் பந்து வந்தவுடன் முன்னால் தூக்கி அடிப்பாள். முன்னால் தனியாக நிற்பவளால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. அடுத்த நொடியே பந்து திரும்பி வரும். அடிக்கும்போது ஆபத்து நீங்கியது போலத் தோன்றும், ஆனால் ஒரு நிமிடத்துக்குள் அதே இடத்தில் மறுபடியும் தடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் பின்களக் கோடு ஓரிரண்டு அடி பின்னுக்கு வரும். கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளத் தொடங்கும். நடுக்களத்தில் பந்தை வாங்கி, ஒரு முறை திரும்பி, பக்கத்தில் இருப்பவளுக்குக் கொடுத்து, மீண்டும் வாங்கி, இப்படிப் பத்து நொடி கடத்தக்கூடிய ஒருத்தி இருந்தால் போதும், அணி முழுவதும் மூச்சு வாங்கிக்கொள்ளும். அந்தப் பத்து நொடியை நான் உடல் பலமாகவே எண்ணுவதில்லை, அது முழுக்கப் பழக்கத்தால் வருவது. ஆண்டுக்கு எத்தனை ஆட்டம் இப்படி நெருக்கடியோடு ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சர்வதேச ஆட்டங்கள் மாதக்கணக்கில் இல்லாமல் இருந்துவிட்டு, நேராக ஆசிய விளையாட்டில் வந்து இறங்கினால் அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்?

அப்போது பயிற்சியாளராக இருந்தவர் ஸ்வீடனின் தாமஸ் டென்னர்பி. 2011 உலகக் கோப்பையில் ஸ்வீடன் மகளிரை மூன்றாம் இடத்துக்கு அழைத்துச் சென்றவர். திட்டத்தில் குறை இருந்தது என்று நான் நினைக்கவில்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: மூன்று அணிப் பிரிவு நமக்குக் கெடுதலாகவே அமைந்தது. ஒரு பெரிய அணியிடம் ஏழெட்டுக் கோல் வாங்கியிருப்போமோ என்ற அச்சம் இல்லாமல் போனது உண்மை; ஆனால் அதற்கு ஈடாக, தவற்றைத் திருத்திக்கொள்ளும் மூன்றாவது ஆட்டம் கிடைக்கவில்லை.

மறுமொழி 3

மேலே பயிற்சியாளர் அம்மா எழுதியதை மதிப்போடு படித்தேன். முடிவில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. கெடுதலாக அமைந்தது என்பது பிரிவை வைத்துச் சொல்லும் பேச்சு. வரலாற்றை வைத்துப் பார்த்தால் இந்திய மகளிர் ஆசிய விளையாட்டில் ஆடியவற்றுள் இதுவே நெருக்கமான போட்டி.

ஆசிய விளையாட்டில் மகளிர் கால்பந்து 1990இல் பெய்ஜிங்கில்தான் சேர்க்கப்பட்டது. ஆடவர் கால்பந்து 1951இல் புது தில்லியில் நடந்த முதல் போட்டியிலிருந்தே இருக்கிறது. அதில் தங்கம் வென்றதும் இந்தியாதான். மகளிர் அணி 1998இல் பாங்காக்கில் முதன்முறையாக இறங்கியபோது சீனாவிடம் 0-16 என்று தோற்றது. பிறகு 2014இல் இஞ்சியோனில், மாலத்தீவை 15-0 என்று வென்றுவிட்டு, தென் கொரியாவிடமும் தாய்லாந்திடமும் தலா பத்து கோல் வாங்கியது. அதே தாய்லாந்திடம் ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஹாங்சோவில் ஒரே கோலில் தோற்றிருக்கிறது. 2025 ஜூலையில் சியாங் மாய் நகரில், ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில், அவர்கள் சொந்த மண்ணிலேயே 2-1 என்று வென்றும் இருக்கிறது. இரண்டு கோலையும் சங்கீதா பாஸ்ஃபோர் போட்டார். பத்து, ஒன்று, பிறகு வெற்றி. இந்த வரிசையில் நடுவில் நிற்கும் அந்த 0-1க்கு மூன்று அணிப் பிரிவு, நான்கு அணிப் பிரிவு என்ற வேறுபாடு அவ்வளவு பெரிதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த அணி ஹாங்சோவுக்குப் போனதே பெரும்பாடு என்பதையும் மறந்துவிட வேண்டாம். ஆசிய அளவில் முதல் எட்டு இடங்களுக்குள் இருக்கும் அணிகளையே அனுப்புவது என்று நம் விளையாட்டு அமைச்சகம் ஒரு வரையறை வைத்திருந்தது. ஆடவர், மகளிர் என்று இரண்டு கால்பந்து அணிகளுமே அதற்குள் வரவில்லை. 2018இல் ஜகார்த்தாவுக்கு இரண்டையும் அனுப்பவில்லை. 2023 ஜூலையில்தான் விதியைத் தளர்த்தி அனுமதி தந்தார்கள். ஜூலையில் அனுமதி, செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் முதல் ஆட்டம். பழக்கம் எங்கிருந்து வரும் என்று பயிற்சியாளர் அம்மா கேட்ட கேள்விக்குப் பாதி விடை இங்கே இருக்கிறது. அந்த அணியில் நம் கடலூரின் இந்துமதி கதிரேசனும் இருந்தார். அந்த ஆண்டு ஜூனில்தான் அமிர்தசரஸில் தமிழ்நாடு, அரியானாவை 2-1 என்று வென்று தேசிய மகளிர் சாம்பியன் பட்டத்தைக் கைப்பற்றியிருந்தது.

தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். அங்கே மகளிர் கால்பந்து 2010இல் டாக்காவில் தொடங்கியது. அதிலும், 2016இல் ஷில்லாங்கிலும், 2019இல் பொக்காராவிலும் இந்தியாவே தங்கம். மூன்று முறையும் இறுதியில் எதிரே நின்றது நேபாளம். பொக்காராவில் நேபாளத்தின் சொந்த ரசிகர்களுக்கு முன்னால் பாலா தேவி இரண்டு கோல் போட்டு 2-0 என்று முடித்தார். தெற்காசியாவில் நாம் முதலிடம், ஆசியாவில் முதல் சுற்று. இடையில் இருக்கும் அந்தப் படியில்தான் தாய்லாந்தும் சீன தைபேயும் வியட்நாமும் நிற்கின்றன, நம்மை இப்போது உரசிக்கொண்டிருக்கின்றன.

தங்கம் வென்ற ஜப்பான் பற்றியும் ஒரு சொல். அது அந்த ஆண்டு உலகக் கோப்பையில் ஆடிய அணி அன்று. பெரும்பாலும் தங்கள் நாட்டு லீகில் ஆடும் வீராங்கனைகளை வைத்து அமைத்த அணி, பயிற்சியாளரும் வேறு. ஆசிய விளையாட்டுக்காக வீராங்கனைகளை விடுவிக்க வேண்டும் என்ற கட்டாயம் கிளப்புகளுக்கு இல்லை. செப்டம்பர் 23 அன்று ஜப்பானின் முதன்மை அணி கிட்டாக்கியூஷூ நகரில் அர்ஜெண்டினாவை 8-0 என்று வென்றுகொண்டிருந்தது. அதற்கு முந்தைய நாள்தான் இன்னொரு ஜப்பான் அணி சீனாவில் வங்கதேசத்தை அதே 8-0 என்று வென்றிருந்தது. அந்த இரண்டாவது அணியே அக்டோபர் 6 அன்று இறுதியில் வட கொரியாவை 4-1 என்று வீழ்த்தியது. ஆடவர் போட்டியில் வயது வரம்பு இருக்கிறது. ஹாங்சோவில் மூன்று மூத்த வீரர்களைத் தவிர மற்றவர்கள் 1999 அல்லது அதற்குப் பின் பிறந்திருக்க வேண்டும். மகளிர் போட்டியில் அப்படி எந்த வரம்பும் இல்லை. இல்லாமலிருந்தும் ஜப்பான் இரண்டாம் வரிசை அணியை அனுப்பியது என்றால், அவர்களிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மறுமொழி 1

16 அணிகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காகிதத்தில் நீங்கள் சொல்வதுதான் அழகான அமைப்பு. ஆனால் குலுக்கல் முடிந்து, எந்த அணி எந்த நகரில் என்று அட்டவணை போட்ட பிறகே கம்போடியா விலகியது. வென்சோவில் தங்க வைத்திருக்கும் அணியைத் தூக்கி ஹாங்சோவில் போடுவது, மைதானங்களை மாற்றுவது, ஆடவர் ஆட்டங்களோடு மோதாமல் தேதிகளை நகர்த்துவது எல்லாம், நாற்பது விளையாட்டுகள் ஒரே நேரத்தில் நடக்கும் இடத்தில் எளிதாக ஆகக்கூடியவை அல்ல. கால்பந்து மட்டுமே நடக்கும் போட்டி என்றால் மறுபடியும் குலுக்கியிருக்கலாம். நான் ஏற்பாட்டாளர் பக்கம் பேசுவதாக நினைக்க வேண்டாம். 17 பெயர் வந்த அன்றே, இப்படி ஓர் அணி கழன்றால் என்ன செய்வது என்பதை எழுதி வைத்திருக்க வேண்டும் என்பதே என் கருத்தும்.

இந்தியா பற்றிப் பயிற்சியாளர் அம்மா எழுதியதைப் படித்தபோது ஒரு கணக்குத் தோன்றியது. அந்த முதல் ஆட்டம் 1-0 என்றே முடிந்திருந்தால், மற்ற இரண்டு முடிவுகளும் இருந்தபடியே இருந்திருந்தால், என்ன ஆகியிருக்கும்? இந்தியா சீன தைபேயை 1-0, சீன தைபே தாய்லாந்தை 1-0, தாய்லாந்து இந்தியாவை 1-0. மூன்று அணிகளுக்கும் மூன்று புள்ளி, போட்டது ஒரு கோல், வாங்கியது ஒரு கோல். நேருக்கு நேர் பார்த்தாலும் ஒன்று, மொத்தமாகப் பார்த்தாலும் ஒன்று. அப்படி ஒரு நிலை வந்தால் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் போட்டிகளில் வழக்கமாக அடுத்துப் பார்ப்பது அட்டைகளை: ஒரு மஞ்சள் அட்டைக்கு ஒரு புள்ளி, சிவப்புக்கு மூன்று என்று கூட்டி, குறைவாக வாங்கியவர் மேலே. அதுவும் சமம் என்றால் சீட்டுக் குலுக்கல். இரண்டாம் இடம் பெற்றிருந்தாலும் வித்தியாசம் 0 என்பதால் பிலிப்பைன்ஸுக்கு மேலே நின்று காலிறுதிக்குச் சென்றிருக்கலாம். அதாவது அந்த மூவரில் அதிக மஞ்சள் அட்டை வாங்கிய அணியாக இல்லாமல் இருந்தாலே போதுமானதாக இருந்திருக்கும். முடிவு மாறியிருந்தால் மற்றவர்களும் வேறு விதமாக ஆடியிருப்பார்கள் என்பதால் இதை ஒரு விளையாட்டுக் கணக்காக மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் 1-1 என்று சமனில் முடிந்திருந்தால் ஒரே ஒரு புள்ளிதான், அது எதற்கும் உதவியிருக்காது; 84ஆவது நிமிடக் கோலைவிட 69ஆவது நிமிடக் கோலே நம்மை வெளியேற்றியது என்று நான் சொல்வேன்.

கேட்டவர்

அட்டைக் கணக்கு வரை போகும் என்று நான் எதிர்பார்க்கவேயில்லை. மூவருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். நேபாளத்தை வங்கதேசம் வென்றிருந்தால், கடைசி இடம் நேபாளத்துக்குப் போயிருக்கும். அப்போது வியட்நாமின் 6-1 கணக்கில் சேர்ந்து, அவர்கள் தப்பித்திருப்பார்கள் அல்லவா? நான் போட்ட கணக்கு சரிதானா?

மறுமொழி 1

வழி சரி, விடை தவறு. அப்போது 6-1 சேரும், நேபாளத்தை வென்ற 2-0 நீங்கும். கூடுதலாக ஐந்து, ஜப்பானிடம் இழந்தது ஏழு. வித்தியாசம் மைனஸ் 2. பிலிப்பைன்ஸின் மைனஸ் 1க்கு அப்போதும் கீழேதான். வியட்நாம் தப்பிக்க இருந்த வழி ஜப்பானோடு ஆடிய ஆட்டத்திலேயே இருந்தது. நடந்தபடியே நேபாளத்தை வென்ற 2-0 கணக்கில் இருக்க, ஜப்பானிடம் 0-2 என்று தோற்றிருந்தால் வித்தியாசம் 0 ஆகி பிலிப்பைன்ஸைத் தாண்டியிருக்கும். 0-3 என்றால் இருவரும் மைனஸ் 1இல் நின்றிருப்பார்கள், ஆனால் போட்ட கோல்களில் பிலிப்பைன்ஸுக்கு நான்கு, வியட்நாமுக்கு இரண்டு.